மேல்வரிசைச் சொல்

நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா, பெரியவரின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலுக்கு வரும்போது அவர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"ஹ்ருஸ்ட்!"

பகல் இரண்டு மணி; அவர் நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. அக்காவுக்கு அந்தச் சொல் புரியவில்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் இருபத்தாறு வருஷம் ஓட்டியவள்தான். ஆனால், தானே உண்டாக்கிய பாஷையில் பேசும் நோயாளி இவர்தான் முதல்.

தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மன் சாடையில் ஒரு தாய்மொழியையும், அதற்குப் பிறந்த மூன்று மகள்மொழிகளையும் கற்பனையில் உருவாக்கி, சொல்லுக்கொரு அட்டை எழுதியிருந்தார். ஆபீசில் கழித்துப்போட்ட அறை அறையாகத் தடுத்த தபால் பெட்டியில், மேல்வரிசையில் தாய்ச்சொல், கீழே மகள்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டுப் பேச்சு போய், இவை மட்டுமே வாயில் வந்தன.

"பாப்பா! ஓடி வா!" என்று அக்கா கூப்பிட்டாள்.

அவர் மகள் வந்து கீழ்வரிசையைக் குடைந்தாள். "எங்கிட்ட எப்பவும் கடைக்குட்டி மொழிதான் பேசுவாரு. இதோ... தொண்டையில சிக்கின பேச்சு." அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மறுபடியும் பக்கவாதமாக்கா?"

பெரியவர் முகம் புதிதாகக் கோணவில்லை. பிடியும் உடும்புப்பிடி.

"நல்லாத்தான் கத்துறாரு. மத்த ரெண்டு மொழியிலயும் அந்தச் சொல்லுக்கு என்ன?"

"சேத்துல மாட்டின வண்டி. கெளம்ப முடியாத கப்பல்."

"வண்டியும் கப்பலும் கெடக்கட்டும். இதுங்களப் பெத்தவ யாரு?"

மகள் மேல்வரிசையில் உருவினாள். "ஹ்ருஸ்தா. பனி அடைச்ச ஓடை. தண்ணி உள்ளயே முட்டி நிக்கிறது."

அக்கா போர்வையை விலக்கினாள். கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை காலி. அடிவயிறு பானையாகப் புடைத்திருந்தது. பைக்குப் போகும் குழாய் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. காலையில் உடம்பைத் துடைத்துப் புரட்டிப் படுக்கவைத்தவள் அவளேதான்.

மடிப்பை நீவினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் நீவினாள். பிறகு பை மெல்ல நிறைந்தது. மணிக்கட்டுப் பிடி தளர்ந்தது. டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

மறுநாள் காலை மகளிடம், "தப்பு என்னுதுதான் பாப்பா. வேற ஆள் பார்த்துக்கறதுன்னா பார்த்துக்க" என்றாள்.

"புதுசா வர்றவங்களுக்கு நாலு பாஷை யாருக்கா சொல்லிக்குடுக்கறது? அந்தத் தபால் பெட்டியத் தூக்குங்க."

வலி, குளிர், மூச்சு, தாகம் என்று உடம்புக்கான அட்டைகளை நாலு வரிசையிலிருந்தும் பொறுக்கிக் கட்டிலெதிர் சுவரில் ஒட்டினார்கள். டேப் தீர்ந்ததால் தாகத்துக்கு மட்டும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி.