தீப்பெட்டியைத் தேடியது

சிவகாசி, 2004. பக்ரீத்துக்கு மறுநாள், பிற்பகல் மூன்று மணி.

நண்பர் காசிம் பாய் வீட்டுக் கொல்லையில், பாதியாக அறுத்த தகர டிரம்மில் கருவேலங்கரியைக் குவித்திருக்கிறார்கள். தேங்காய் நாரில் தீ வைத்து நான் அதைப் பற்றவைக்கிறேன். கங்கு சாம்பல் பூத்ததும் பாயின் மனைவி நூர்ஜஹான், மசாலா தடவிய ஆட்டிறைச்சியைக் கம்பிகளில் கோத்து மேலே அடுக்குகிறார். கொழுப்பு சொட்டிப் புகை எழுகிறது.

"அண்ணே, தீப்பெட்டி எங்கன?" என்று என்னிடம் கேட்கிறார் அவர்.

எனக்கு நினைவில்லை. இறைச்சியை அப்படியே விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் தேடத் தொடங்குகிறார்கள். பாய் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். காலையில் வாசலில் நின்று, தீப்பெட்டி இருக்கிறதா என்று ஆட்களின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து உள்ளே விடுபவர் அவர்தான். நாளை கம்பெனியைச் சுற்றிப் பார்க்க அவருடன் நானும் போகிறேன்.

"ஊரு ஆளுகளயெல்லாம் தடவுறாக, சொந்தக் கொல்லையில கோட்ட விட்டுட்டாக" என்கிறார் நூர்ஜஹான்.

"கருகுது, பாய்" என்கிறேன் நான்.

"கருகட்டும். பெட்டி கெடச்சாத்தான் சாப்பாடு."

கடைசியில் அது என் சட்டைப் பையில் இருக்கிறது. சிகரெட் பிடிக்கிறவனின் கைப்பழக்கம். நான் சிரிக்கிறேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"காலையில இதே சட்டையோட வேன்ல ஏறியிருப்பீக. விருந்தாளின்னு நானும் தடவாம விட்டிருப்பேன். உள்ள அம்புட்டுப் பொம்பளைக வேலை பாக்காக" என்கிறார் பாய்.

நூர்ஜஹான் உள்ளே போய், பாயின் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுகிறார். பை இருந்த இடத்தில், தையல் பிரித்த ஊசித்துளைகள் மட்டும் தெரிகின்றன.

"நாளைக்கு இதப் போட்டுக்கிடுங்க, அண்ணே."