பள்ளத்தில் படுத்திருக்கும் எட்டுப் பேர்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்தவன் நான். என் தம்பி பட்டாளத்துக்குப் போனான். காலாட்படை. அவன் எல்லைக்குப் போனதிலிருந்து, போன் வராத நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில் ஒரு போர் விளையாட்டு இருந்தது. எட்டுச் சிப்பாய்களை நாம் நடத்த வேண்டும். ஒவ்வொருவன் தலைக்கு மேலும் ஒரு பச்சைக் கோடு. அதுதான் அவன் தெம்பு. பக்கத்தில் இருப்பவன் குண்டடி பட்டால் இவன் கோடு சுருங்கும். அடிபட்டவன் கத்திக்கொண்டே கிடந்தால் இன்னும் சுருங்கும். ஓரளவுக்குக் கீழே போய்விட்டால் நம் பேச்சைக் கேட்க மாட்டான். துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுவான். இடது ஓரத்தில் நின்றவனை என் தம்பி என்று வைத்துக்கொண்டேன். வைத்திருக்கக் கூடாது.

மூன்று ஆட்டத்தில் மூன்று முறையும் அவன் ஓடினான். எனக்கு அவமானமாக இருந்தது. விளையாட்டின் உள்ளே இருந்த கோப்பு ஒன்றைத் திறந்து, எவனுக்கும் தெம்பு குறையவே கூடாது என்று எண்களை மாற்றினேன். பழுது பார்ப்பவன் புத்தி. அடுத்த ஆட்டத்தில் ஒருவனும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே எட்டுப் பேரும் செத்தார்கள். ஓடிய மூன்று முறையும் அவன் பிழைத்திருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே பழைய எண்களைப் போட்டுவிட்டேன். ஆனால் அவன் விழுந்த விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. திருகாணி கழற்றும்போதும் விழுந்தான், டீ குடிக்கும்போதும் விழுந்தான்.

தம்பி விடுப்பில் வந்தபோது ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான். திரையைப் பார்த்துச் சிரித்தான்.

“ஏண்ணே, எங்க பட்டாளத்த உன் கடையிலயா வச்சிருக்க?”

“சிரிக்காதலே. பக்கத்துல ஒருத்தன் விழுந்தா இப்படித்தான் தெம்பு கொறையுமா?”

சிரிப்பை நிறுத்தினான். “அப்பத் தெரியாதுண்ணே. மறுநா சாப்பாட்டு வரிசைல முன்னாடி நிக்கிற முதுகு வேறயா இருக்கும் பாரு, அப்பத்தான்.”

யாருடைய முதுகு என்று நான் கேட்கவில்லை. வீட்டில் அவன் இதுவரை ஒரு சாவைக்கூடச் சொன்னதில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கையிலிருந்து மவுஸை வாங்கினான். எட்டுப் பேரையும் ஒரு வாய்க்கால் பள்ளத்தில் இறக்கிப் படுக்க வைத்தான். அப்புறம் ஒன்றுமே செய்யவில்லை.

“எந்திரிக்கச் சொல்லுலே, ஆட்டம் போயிரும்.”

“போகட்டும். எம்புட்டு நேரம் படுத்திருந்தாலும் இதுல கேக்க ஆளில்லைல்ல?”

பல நாளாகத் தொண்டையில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. “அங்கயும் இப்படியே படுத்துக்க அப்பு.”

“அங்க மவுஸ் நம்ம கையில இல்லண்ணே. வா, அம்மா சோத்தப் போட்டுட்டு உக்காந்திருக்கும்.”

கிளம்புமுன் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்திச் சேமித்து வைத்தேன்.

அவன் திரும்பிப் போய் மூன்று மாதம் ஆகிறது. நான்கு நாளாகப் போன் இல்லை. இன்று காலை கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த ஆட்டத்தைத் திறந்தேன். எட்டுப் பேரும் பள்ளத்தில்தான் கிடந்தார்கள். ஆட்டத்தை ஓட விடாமல், இடது ஓரத்தில் இருப்பவனின் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் கொடுத்திருந்த ஒருவர் வந்து, “ரெடியா தம்பி?” என்றார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.