மணம் அறியாத மூக்கு

கல்லூரி விடுதியின் கேட்டில் காவலுக்கு நிற்பவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, பையன்களுக்கு அவர் மூக்கண்ணன். மூக்கு பெரிதென்று வந்த பேர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சமையலறையில் கேஸ் கசிவதைக் கேட்டில் நின்றபடியே மோப்பம் பிடித்து ஓடியவர். அன்றைக்கே வார்டன் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை வெளியில போயிட்டு வர்ற ஒவ்வொருத்தனையும் ஊதச் சொல்லி, மோந்து பாத்து உள்ள விடுங்க. உங்க மூக்கு இருக்கும்போது மெஷின் எதுக்கு?"

அதிலிருந்து சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் கேட்டில் வரிசை நிற்கும். கிராம்பு மென்றுகொண்டு வருவான் ஒருவன், பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வருவான் இன்னொருவன்.

"வெங்காயம் உடம்புக்கு நல்லதாம்ணே."

"நல்லதுதான்டா ராசா. அதுக்கு முன்னாடி உள்ள போச்சே, அதுதான் நல்லதில்ல. ஓரமா நில்லு."

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தார். கடவுள் புண்ணியத்தில் அவர் எழுந்துவிட்டார், மூக்கு எழவில்லை. அது தெரிந்தது வீட்டு அடுப்படியில். பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருக்கிறது, இவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க, மூக்கைக் கழட்டி எங்கயாவது வெச்சுட்டீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் எழுந்து வந்து, கருகின பாத்திரத்தின் மேல் குனிந்து இழுத்து இழுத்து மோந்து பார்த்தார்.

மூக்கை நம்பிக் கொடுத்த வேலை. மூக்கு போச்சென்றால் வேலையும் போச்சு. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. "ஊது" என்பார், கண்ணை மூடுவார், காற்றை இழுப்பார். சுவரை மோந்தாலும் ஒன்றுதான், பூவை மோந்தாலும் ஒன்றுதான். பிறகு கண்ணைத் திறந்து முகத்தைப் பார்ப்பார். குடித்தவன் தானே தலையைக் குனிந்துகொள்வான். இப்படியே காலம் ஓடியது. "ஆண்டவா, எல்லாரும் நல்லபடியா வந்து சேரணும்" என்று கும்பிட்டுக்கொண்டுதான் தினமும் ஸ்டூலில் உட்காருவார்.

பரீட்சை முடிந்த சனிக்கிழமை, முதல் வருஷத்து ஒல்லிப் பையன் ஒருவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அதில் கண்ணாடி போட்டவன்தான் பேசினான்.

"பஸ்ஸிலேர்ந்து இறங்கும்போது கால் சுளுக்கிடுச்சுண்ணே."

ஒல்லிப் பையனின் முகம் சுருங்கியிருந்தது. வலி போலத்தான் தெரிந்தது. ஊதச் சொன்னார். ஊதினான். வெறும் காற்று. மூக்கண்ணன் ஏமாந்தார். ஏமாந்ததோடு விட்டாரா? தன் முழங்கால் வலிக்கென்று பையில் வைத்திருந்த தைலத்தையும் எடுத்துக் கொடுத்து, "நல்லா அழுத்தித் தேச்சு விடுங்கடா, பாவம்" என்று அனுப்பிவைத்தார்.

நடந்தது பந்தயமாம். ஒரு பாட்டிலை யார் மூச்சு விடாமல் காலி செய்வது என்று. ஒல்லிப் பையன் ஜெயித்திருக்கிறான். தூங்கினால் தெளிந்துவிடும் என்று அவனைக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, வார்டன் கண்ணில் படக்கூடாதென்று வெளியே பூட்டும் போட்டுவிட்டார்கள். காலையில் திறந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. தலைமாட்டில் தைல பாட்டில், மூடி திறக்காமல்.

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து மூச்சு விட வைத்திருந்தார்கள். வார்டன் மூக்கண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க மோந்து பாத்துத்தான் உள்ள விட்டீங்கன்னு பசங்க சொல்றாங்க. என்ன வாங்கிட்டு விட்டீங்க?"

வேலை போவது ஒன்று. கை நீட்டினவன் என்ற பேரோடு போவது வேறு. ஆனால் அவர் மனசில் அதெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பையனின் அப்பா, காலுக்கொரு செருப்பாக மாற்றி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஒண்ணும் வாங்கலை சார். என் மூக்கு வேலை செய்யறதில்லை. மழைக்காலத்துலேர்ந்தே."

வார்டன் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் தூக்கம் இல்லாத கண்கள்.

"சரி, இது நம்மோட இருக்கட்டும். நீங்க அங்க நின்னாலே போதும், பயப்படுவானுங்க. ஊதச் சொல்லிட்டே இருங்க."

வேலை தப்பியது. அதற்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஒல்லிப் பையன் ஒருவழியாகக் கண் திறந்தான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் ஒரு வாய் சோறு இறங்கியது.

அடுத்த சனிக்கிழமையும் வரிசை நின்றது. முதல் ஆள் வாயைக் குவித்தான். மூக்கண்ணன் கையைக் காட்டித் தடுத்தார்.

"ஊத வேண்டாம்டா. எனக்கு வாசனையே தெரியாது, போன மழையிலேயே போயிடுச்சு. வாயால சொல்லுங்க. எவனாவது ரொம்பக் குடிச்சுட்டுக் கிடந்தான்னா சொல்லுங்க, நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வரிசையே சிரித்தது.

"மூக்கண்ணே, இது புது டெக்னிக்கா?"

"நம்பாதீங்கடா, போட்டு வாங்கறாரு!"

ஆளாளுக்கு அவர் முகத்துக்கு நேராக ஊதிவிட்டு உள்ளே போனார்கள். கடைசி ஆளும் போனபின் ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளதைச் சொல்லியும் பாரம் இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்டவன் திரும்பி வந்தான். கையில் அந்தத் தைல பாட்டில். கொடுத்துவிட்டும் நகராமல் நின்றான்.

"என்னடா?"

"பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சு ஒருத்தன் வந்திருக்கான்ணே. மாடியில கடைசி ரூம். எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கறான்."

மூக்கண்ணன் எழுந்தார். "ஆம்புலன்சுக்குப் போன் போடு. ரூமைப் பூட்டிட்டீங்களா?"

"இல்லண்ணே. திறந்துதான் இருக்கு."

முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவர் படியேறினார்.