லண்டன் மச்சாள்

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் எப்படி உடுக்க வேண்டும் என்பதில் எங்கள் மாமாவை மிஞ்சத் திருகோணமலையில் ஆளில்லை. அவர் போயிருந்த மிகத் தூரமான இடம் கொழும்பு. ஆனாலும் உப்புவெளியில் தங்கும் வெள்ளைக்காரரைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கும் கோணேசர் கோயிலுக்கும் ஆட்டோவில் ஏற்றி இறக்கியதில், அவர்களுடைய காற்சட்டைப் பொத்தான் வரைக்கும் தனக்குத் தெரியும் என்று நம்பினார். அந்த ஞானம் முழுவதும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவருடைய தங்கையான என் அம்மாவின் மேல் இறங்கியது.

துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது விழுந்து முதுகு முறிந்த அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். அம்மா துபாயில் வீட்டு வேலைக்குப் போனால்தான் எங்கள் அடுப்பு எரியும். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு அப்படிப் போக அனுமதியில்லை. தம்பிக்கு மூன்று வயது. ஆகவே சுற்றுலா விசாவில் போய், அங்கே வேலைக்குச் சேர்வது என்று முடிவாகியிருந்தது. இதெல்லாம் நான் பிறகு அறிந்தவை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது, அம்மா சுற்றுலா போகிறார், அதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான். என்னைக் கூட்டிப்போகவில்லை என்று கோபமும் இருந்தது.

பயணத்துக்கான ஜீன்ஸ், மாமியின் தங்கையிடம் வாங்கிய இரவல். அம்மா அதைத் தோய்த்து, அழுத்தி அயன் பண்ணி, பள்ளிக்கூட அதிபரின் காற்சட்டை போல முன்பக்கம் மடிப்பும் வைத்து உடுத்திக்கொண்டு வந்து நின்றார். மாமா தலையில் கை வைத்தார்.

“என்ன பிள்ளை இது? சுத்திப் பாக்கப் போற சனம் மடிப்புக் குலையாமலோ வரும்? கழட்டிச் சுருட்டி, அதுக்கு மேல கொஞ்ச நேரம் இருந்திட்டு வா!”

அம்மா அப்படியே செய்தார். தலை எண்ணெய் போனது, பொட்டுப் போனது. தாலியைக் கழற்ற மட்டும் அப்பாவின் அறைக்குள் போனார். வரும்போது முகம் கழுவியிருந்தார். பிறகு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஏறின. கடைசியாக மாமா அம்மாவின் கைகளைப் பார்த்தார். நாலு வீட்டு உடுப்புத் தோய்த்து வெடித்துப் போன கைகள்.

“இதுதான் காட்டிக் குடுக்கும். ஹாண்ட்பாக்கை மடியில வச்சு, கையை அதுக்குக் கீழ ஒளிச்சுக்கொள்.”

அம்மாவை விறாந்தைக் கதிரையில் இருத்தி, மாமா விமான நிலைய அதிகாரியாகிக் கேள்வி கேட்கத் தொடங்கிய நேரம் வாசல் படலை திறந்தது. வந்தவர் எங்கள் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண் கிராம உத்தியோகத்தர். அம்மா முறைப்படி விண்ணப்பித்திருந்தால், தம்பியின் வயதை எழுதி அவரை மறித்திருக்க வேண்டியவர். அப்பாவைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். வந்ததும் கதிரையில் இருந்த அம்மாவைக் காட்டிக் கேட்டார்.

“ஆர் இவ?”

“லண்டன் மச்சாள், மிஸ். சுத்திப் பாக்க வந்தவ. தமிழ் கதைக்க வராது.”

“பிள்ளை, அம்மா எங்க?”

கேட்டது என்னை. அம்மா சந்தைக்குப் போய்விட்டதாக மாமா அவசரமாகச் சொன்னார். மிஸ் லண்டன் மச்சாளைப் பார்த்துச் சிரித்தார். மச்சாளும் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி நித்திரையால் எழும்பி வந்தான். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கண்டு மிரண்டு ஓடியவன், கால் தடுக்கி விறாந்தைப் படியில் முகம் அடிபட விழுந்தான். வாயெல்லாம் இரத்தம். “அம்மா! அம்மா!” என்று கத்தினான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் எழும்பவில்லை. ஹாண்ட்பாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் இருந்தார். அந்த நேரத்தில் நான் அவரை முழு மனதோடு வெறுத்தேன். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். தம்பியோ எதிரே இருந்த அம்மாவை விட்டுவிட்டு, படலைப் பக்கம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மிஸ் தன் கைலேஞ்சியால் அவன் வாயைத் துடைத்துவிட்டார். நிமிர்ந்தபோது, கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அம்மாவின் கன்னம் நனைந்திருந்ததை அவரும் கண்டார். கைலேஞ்சியை மடித்துக்கொண்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

“மச்சாளுக்கு எங்கட வெயில் ஒத்துக்கொள்ளேல்லப் போல கிடக்கு. உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இன்னொரு நாளைக்கு வாறன்.”

படலை சாத்தியதும் மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பெத்த பிள்ளையே அடையாளம் காணேல்ல! இனி உன்னை ஆர் மறிக்கப் போறான்?” என்றார். அம்மா தொப்பியை வீசிவிட்டு, என் கையிலிருந்த தம்பியைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போய், நிலத்தில் இருந்து சத்தமில்லாமல் அழுதார். சோதனையில் பாஸ் பண்ணிய ஆள் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கிழமை அம்மா போனார். ஒருவரும் மறிக்கவில்லை. கொஞ்ச நாளில் மாமாவின் கைபேசிக்கு முதல் படம் வந்தது. அதில் அம்மா நீல நிற நீளச் சட்டையும், மேலே வெள்ளை ஏப்ரனும் போட்டுக்கொண்டு நின்றார். இடுப்பில் யாரோ ஒரு குழந்தை. மாமா அதைப் பார்த்துவிட்டு, கைபேசியை என்னிடம் தந்து வெளியே போனார். அதனால் தம்பிக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

“அந்த ஊரில சுற்றுலா போற ஆக்கள் இப்பிடித்தான் உடுப்பினம்,” என்றேன்.

தம்பி உடுப்பைப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையின் மேல் விரலை வைத்தான்.

“இது விழுந்திட்டுதோ?”

“ஓம்,” என்றேன். “அதுதான் அம்மா தூக்கி வச்சிருக்கிறா.”