முட்டை தின்றால் சீழ் வைக்குமாம்

வெல்லப்பாகு கொதிக்கும் வாசம் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்குக் குமட்டும். கரும்பு வெட்டுக் காலத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கம் பஸ்ஸில் போனால் இந்த வயதிலும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

என் தங்கச்சி குடும்பம் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து வெல்லம் காய்ச்சும் இடத்தில் கூலிக்கு இருந்தது. மலையில் அந்த வருஷம் சாமை காய்ந்துவிட்டது. இல்லாவிட்டால் இறங்கியிருக்க மாட்டார்கள். அங்கே அவள் மகள் தொடையில் கொதிக்கும் பாகு கொட்டிவிட்டது. பாகு தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொஞ்ச நாளில் புண்ணைவிட உடம்பைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டு, கை குச்சியாகிவிட்டது. நர்சம்மா கத்தினார்: "புண்ணு ஆற ஒடம்பு ராப்பகலா வேல செய்யுது. நீங்க சோறு போடலன்னா புள்ளயோட சதையத்தான் அது துண்ணும்!"

தினம் குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே பாலும் அவித்த முட்டையும் வரும். குழந்தையின் பெரியப்பா, என் தங்கச்சி புருஷனுக்கு அண்ணன், கட்டிலோரம் உட்கார்ந்து முட்டையை உரித்து உப்புத் தொட்டுத் தின்பார்.

"பெரிப்பா, எனக்குக் கொஞ்சூண்டு."

"முட்ட துண்ணா சீழ் வைக்கும்டி. ஆறட்டும்."

குழந்தைக்குக் கஞ்சித்தண்ணி மட்டும். அது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் அவரிடம் சண்டை போட்டேன். "படிக்காத பய, நர்சு சொன்னா ஆடுவியா?" என்றார். தங்கச்சி ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் பாதி முட்டை ஊட்டினாள். மறுநாள் கட்டு பிரித்தபோது சீழ். உடம்பில் தெம்பு இல்லாத குழந்தைக்குச் சீழ் வைக்காமல் என்ன செய்யும்? ஆனால் முட்டை ஊட்டியது தெரிந்ததும் மொத்தச் சாதிசனமும் அவளைப் பிடித்துக்கொண்டது. "பெத்தவளே கொல்லப் பாத்துட்டா" என்றார்கள். அப்புறம் அவள் குழந்தைக்குப் பாலைக்கூடக் கொடுக்கவில்லை. "வாணாம்ணே, எனக்குப் பயமா கீது" என்றாள்.

குழந்தை போய்விட்டது. தூக்கியபோது துணி மூட்டை மாதிரி இருந்தது.

காரியத்தன்று தலைவாழை இலையில் கோழிக் குழம்பு, வறுத்த மீன், அவித்த முட்டை. "புள்ள ஆசப்பட்டதெல்லாம் வெச்சாச்சா?" என்று பெரியப்பா கேட்டுக் கேட்டு வைத்தார். செத்த குழந்தை வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். தங்கச்சி சாத்தின கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தார்கள். "திருப்தியா துண்ட்டுப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

"வா மச்சான், உக்காரு" என்று என்னையும் கூப்பிட்டார். வாசலில் காறித் துப்பிவிட்டு மலை பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.