எதிர்வீட்டுக் கதவும் சாவியும்

என் தங்கையின் கணவரைக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘சாவி’ என்றாலே போதும். பூட்டுத் திறப்பதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். அவர் வாசலுக்கு நேரெதிரே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தனியே வசித்தார். ஒருநாள் அவர் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மாப்பிள்ளையை அழைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. எவர் கதவானாலும் திறக்குமுன் அவரிடம் கையொப்பம் பெறுவது மாப்பிள்ளையின் வழக்கம். எதிர்வீட்டுக்காரர்தானே என்று அன்று பெறவில்லை.

பிறகு மாப்பிள்ளை வீட்டில் வைத்து ஓட்டிய சாவி அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலால் இருவருக்கும் வாய்த்தகராறு மூண்டது. ‘அன்று நான் அழைக்கவே இல்லை, நான் இல்லாதபோது பூட்டைத் திறந்து நுழைந்தார்’ என்று தபால்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார்.

“அந்தப் பூட்டை உங்களால திறக்க முடியுமா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“அதெல்லாம் ஒரு பூட்டா சார்? தும்மினாலே திறந்துக்கும்!”

நுணலும் தன் வாயால் கெடும். அந்தப் பெருமை அப்படியே வாக்குமூலத்தில் ஏறியது.

“வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கக் கூடாதா?” என்று கடிந்துகொண்ட வழக்கறிஞர் அம்மையார், வழிகளையும் சொன்னார். புகாரின் நகலைக் கேட்டுப் பெறலாம். வழக்கை ரத்து செய்ய மனுச் செய்யலாம். தெரிந்தே சொன்ன பொய் என்று நிரூபித்தால் தபால்காரர்மீதே நடவடிக்கை கோரலாம். மானநஷ்ட வழக்கும் தொடுக்கலாம்.

“ஆனா அவர்தான் கூப்பிட்டார்னு சொல்ல ஒரு சாட்சி வேணுமே? அதுவரைக்கும் அந்தக் கதவுப் பக்கம் கை நீட்டாதீங்க.”

சாட்சி இல்லை. திருடன் என்ற பேச்சுக் கிளம்பியபின் பூட்டுக்காரரை எவர் வீட்டுக்குள் விடுவார்? வேலை நின்றது. ‘மன்னிப்பு எழுதித் தந்தால் விட்டுவிடுகிறேன்’ என்று தபால்காரர் ஆள் அனுப்பினார். எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், எழுதாவிட்டால் வழக்கு நீளும். மாப்பிள்ளை எழுதவில்லை. வீட்டுக்குள்ளேயே முடங்கினார், வாசலைத் திறந்தால் அந்தக் கதவுதான் முகத்தில் அறைந்தது.

ஒரு பிற்பகல் அக்கதவு உள்ளிருந்து படபடவென்று தட்டப்பட்டது. பூட்டு சிக்கிக்கொண்டிருந்தது.

“தம்பி! சாவித் தம்பி! திறக்க முடியல, படபடன்னு வருது!”

மாப்பிள்ளை கருவிப்பையுடன் வந்து, கைக்கெட்டும் தொலைவில் நின்றுவிட்டார்.

“திறந்து விடுங்களேன், பெரியவருக்கு ஏதாவது ஆயிடப் போகுது,” என்று தங்கை பதறினாள்.

“திறந்தா மறுபடியும் நான்தான் திருடன்,” என்றவர் காவல் நிலையத்தை அழைத்தார்.

பின்னர் நடந்ததைத் தங்கையும் நிலையத்திலிருந்து வந்த ஏட்டும் ஒன்றுபோலவே சொன்னதால் ஐயமின்றிப் பதிகிறேன். ஏட்டு படியேறி வந்து நின்றது தபால்காரருக்குத் தெரியாது.

“இன்னும் என்ன யோசனை தம்பி? அன்னிக்கு நான் கூப்பிட்டதும் ஓடி வந்து திறந்தீங்களே!”

“என்னைக்குப் பெரியவரே?” என்று கேட்டார் ஏட்டு.

உள்ளே தட்டல் நின்றது.

“யாரு... போலீஸா?”

“ஆமா. என்னைக்குக் கூப்பிட்டீங்க?”

“முதல்ல கதவைத் திறக்கச் சொல்லுங்க சார்.”

மாப்பிள்ளை ஏட்டிடம் கையொப்பம் வாங்கிய பிறகே கம்பியை நுழைத்தார்.

ஏட்டின் சாட்சியத்துடன் ரத்து மனு தாக்கலாகியுள்ளது. உத்தரவு இன்னும் வரவில்லை. எதிர்க்கதவைக் கடக்கையில் மாப்பிள்ளை இன்றும் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் படியிறங்குகிறார்.