பல் அச்சும் கூஜாத் தண்ணீரும்

போன வாரம் கருப்பட்டியைக் கடித்தேன். கருப்பட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பல்தான் போயிற்று.

கட்டுப்பல் வைக்க வாயை அச்சு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். புதன்கிழமை போனேன். எனக்கு அடுத்த முறை ராயப்பன் அண்ணாச்சிக்கு. கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். மேல்வரிசை முழுக்கக் காலி. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறதாம். பத்து நாளாக வேறொருவன் கூறுகிறான். திங்கட்கிழமைக்குள் பல்லோடு வராவிட்டால் அவனே நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் ரோஸ் நிறப் பொடியைக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் குழைத்தார். என் வாய்க்கு வருவதற்குள் இறுகிவிட்டது. மறுபடி குழைத்தார். மறுபடி கொழுக்கட்டை! டப்பாவில் மிச்சம் ஒரே ஒரு வாய்க்கான பொடி. அடுத்த டப்பா பம்பாயிலிருந்து வர வேண்டும்.

அதில் என்னதான் இருக்கிறது என்று பெஞ்சிலிருந்தே கேட்டார் அண்ணாச்சி. டாக்டர் விளக்கினார்: கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட், ஜிப்சம், மாவு போன்ற ஒரு மண், கொஞ்சம் உப்பு. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் பாசியோடு சேர்ந்தால் இறுகும். அவசரப்படாமல் பிடித்து வைப்பது அந்த உப்பின் வேலை.

"எந்தத் தண்ணிய ஊத்துனீய?" என்றார் அண்ணாச்சி.

கிணற்றுத் தண்ணீர்தான். வேறென்ன? குழாய்த் தண்ணீரைக் குடிப்பதற்குத் தவிர வேறெதற்கும் தொடாத ஊர் இது.

"அந்தத் தண்ணியில பருப்பே வேவாது டாக்டரய்யா. இது மட்டும் ஒழுங்கா நிக்குமா?"

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீரிலேயே கால்சியம் கொட்டிக் கிடக்கிறது… பாவம், அந்த உப்பு எவ்வளவைத்தான் பிடித்து வைக்கும்?

நான் எங்கே போனாலும் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூஜாவில் கொண்டுபோகிறவன். வீட்டில் இதற்காகக் கேலி உண்டு. கூஜாவை டாக்டரிடம் கொடுத்தேன். நாற்காலியை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். மனசே இல்லாமல்தான். ஆனால் எனக்குப் போனது இளிப்பு. அவருக்குப் போகவிருந்தது பிழைப்பு.

அச்சு அழகாக விழுந்தது.

திங்கட்கிழமை கடற்கரைக்குப் போனேன். புதுப் பல்லோடு அண்ணாச்சி ஏலம் கூறிக்கொண்டிருந்தார். ஒரு சீலா மீனுக்கு நானும் கேட்டேன். ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தும் பார்த்தேன். அவரும் பளீரென்று சிரித்தார் — எட்டணா கூடக் கேட்டவனுக்கு மீனைத் தள்ளிவிட்டார்.

வருத்தம்தான். ஆனால் அவர் ஏலம் கூறியதில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை… என் கூஜாத் தண்ணீர் அல்லவா!